பொன்னும் தங்கமும் ஒன்றுதானா?

கேள்வி இதுதான்: பொன், தங்கம் இரண்டும் ஒரே பொருள் என்றால் "பொன்னான நேரம்" என்று சொல்கிற நாம் "தங்கமான நேரம்" என்று ஏன் சொல்வதில்லை? "தங்கமான மனுஷன்" என்கிறோம், "பொன்னான மனுஷன்" என்று ஏன் யாரும் சொல்வதில்லை? ஐம்பொன் என்றால் ஐந்து வகைத் தங்கமா?

இதற்கு நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. என் தாத்தா நகைத்தொழில் செய்தவர். ஊரில் அவரைப் பத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானோ இத்தனை வருடங்களாக அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்திக்கொண்டிருப்பவன். ஆகவே இந்த இரண்டு சொற்களையும் பட்டறையிலும் கேட்டிருக்கிறேன், தாளிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் சுருக்கமாக. இன்றைக்கு இரண்டும் சுட்டுவது ஒரே மஞ்சள் உலோகத்தைத்தான். ஆனால் பொன் மிகப் பழைய சொல், அதன் வயிறும் பெரிது. உலோகம், காசு, நிறம், ஒளி, அழகு, செல்வம் எல்லாம் அதற்குள் அடங்கும். தங்கம் பின்னால் பெருகிய சொல். அது கடைத்தெருவைப் பிடித்துக்கொண்டது. கடைத்தெருவுக்கு வெளியே இருப்பதெல்லாம் இன்னும் பொன்னிடமே இருக்கிறது.

பொன்னிலிருந்து தொடங்குவோம். பழைய தமிழில் பொன் என்பதற்கு உலோகம் என்கிற பொதுப்பொருளே உண்டு. இதற்கு நான் எப்போதும் காட்டுகிற சான்று திருக்குறளில் இருக்கிறது. சூது அதிகாரத்தின் முதல் குறள்:

"வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று."

தூண்டில் முள்ளை யாரும் தங்கத்தில் செய்வதில்லை. இங்கே பொன் என்பது இரும்பு. இரை என்று நினைத்து மீன் விழுங்குவது இரும்பு முள்ளைத்தான் என்று உரைகாரர்களும் சொல்கிறார்கள். பள்ளியில் இந்தக் குறளைப் படித்தபோது, தூண்டிலில் தங்கத்தை வைத்து மீன் பிடித்த ஏதோ ஒரு பழங்கால வழக்கம் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உலோகம் என்று பொருள் கொண்டவுடன் குறள் தெளிந்துவிடுகிறது. சூதாடி கையில் வந்த காசும், மீனின் வாயில் போன இரும்பும் ஒன்று.

இந்தப் பொதுப்பொருளை வைத்துக்கொண்டு பார்த்தால் மற்றவை தாமே விளங்கும். கரும்பொன் என்றால் இரும்பு. வெண்பொன் என்றால் வெள்ளி. பொன் என்ற தலைப்புக்குள் நிறம் சொல்லிப் பிரித்திருக்கிறார்கள். தங்கத்தை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் செம்பொன் என்றார்கள். கோயில் கல்வெட்டுகளில் "தீப்போக்குச் செம்பொன்" என்று வரும். தீயிலிட்டுத் தேறிய பொன் என்பது கருத்து.

ஐம்பொன்னுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஐம்பொன் என்றால் ஐந்து உலோகம். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்று அகராதி அடுக்கும். வடமொழியில் பஞ்சலோகம். சிலை வார்க்கும் இடத்தில் கணக்கு சற்று வேறு. சுவாமிமலையில் வார்க்கும் சிலைகளில் பெரும்பங்கு செம்பு, அப்புறம் பித்தளை, ஈயம். வெள்ளியும் தங்கமும் சேர்த்தால் சிறு அளவே, அதுவும் சிலை செய்யச் சொன்னவரின் வசதியைப் பொறுத்து. ஐம்பொன் சிலை என்றதும் உள்ளே ஏராளமான தங்கம் இருக்கிறது என்று நம்பி எத்தனையோ சிலைகளை உடைத்தும் உருக்கியும் பாழாக்கியிருக்கிறார்கள். ஒரு சொல்லின் பழைய பொருள் மறந்துபோனதற்கு நாம் கொடுத்த விலைகளில் அதுவும் ஒன்று என்று எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. அந்தச் சிலைகளின் மதிப்பு உலோகத்தில் இல்லை.

சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இன்னொரு சான்று கையிலேயே இருந்தது. பெட்டியில் இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டையிட்டதா என்று காலையும் மாலையும் திறந்து திறந்து பார்ப்போம். அந்த வண்டு என்ன நிறம்? முதுகு பளபளக்கும் பச்சை. திருப்பினால் நீலம் ஓடும். மஞ்சள் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் அது பொன்வண்டுதான், ஏனென்றால் அதன் ஓடு உலோகம் மாதிரி மின்னும். பொன் என்கிற சொல்லில் மின்னுதல் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அந்த வண்டுக்குப் பேர் வைத்தவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

மின்னுதல் என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. செய்யுளில் பொன் என்ற சொல் இறுதி கெட்டு "பொலம்" என்று ஆகும் என்று அது விதி சொல்கிறது. பொலங்கலம், பொலந்தார் என்று சங்கப் பாடல்களில் நிறையப் பார்க்கலாம். பொலம், பொலிதல், பொலிவு, பொற்பு எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பக்கத்து மொழிகளிலும் இந்தச் சொல் வீட்டுச் சொல்தான். மலையாளத்தில் பொன்னு. கன்னடத்தில் ஹொன்னு. பால் அங்கே ஹாலு ஆகிறது, பூ ஹூ ஆகிறது, அதே வழியில் பொன் ஹொன்னு ஆகியிருக்கிறது.

நிறத்துக்கு வருவோம். கொன்றை பூத்தால் "பொன்னென மலர்ந்த கொன்றை" என்பது சங்கப் புலவர் வாக்கு. தலைவனைப் பிரிந்த பெண்ணின் உடலில் படரும் வெளிறிய மஞ்சளுக்கு "பொன்னேர் பசலை" என்று பேர். மகிழ்ச்சியான பூவுக்கும் துயரமான மேனிக்கும் ஒரே உவமை வருவதை இங்கே கவனிக்க வேண்டும். பொன் என்றால் எப்போதும் மங்கலம் என்று நாம் நினைக்கிறோம். அகப்பாடல்கள் அப்படி நினைக்கவில்லை. சுந்தரர் மழபாடியில் "பொன்னார் மேனியனே" என்று பாடும்போது அதே நிறம் சிவபெருமானுக்குப் போகிறது, அடுத்த அடியிலேயே சடைமேல் கொன்றையும் வந்துவிடுகிறது. இன்றைக்குச் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் "வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும்" என்று எழுதுகிறார்களே, அவர்கள் கையில் இருப்பதும் இந்த நிறப்பொருள்தான். "தங்க நிறமாக வதங்கியதும்" என்று யாராவது எழுதினால் வாணலிக்குள் நகை கிடப்பது போல இருக்கும்.

அடுத்தது காசு. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்கிற பழமொழியில் பொன் என்பது நாணயம். பழைய காலத்தில் உலோகமும் காசும் இரண்டாகப் பிரியவில்லை. அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறித் துறையைச் சொல்கிறபோது, யவனர்களின், அதாவது கிரேக்க ரோமானியரின், கப்பல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்கிறார். கறி என்றால் மிளகு. பொன்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கே சொல்லில் ஒரு கடல் வாணிகம் முழுவதும் இருக்கிறது. அந்தப் பொன்னில் கொஞ்சம் மண்ணிலிருந்து திரும்பவும் கிடைத்தது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாக அகப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கீறல் இருக்கிறது. காசு என்ற தகுதியை நீக்கிவிட்டு எடைக்கு எடை உலோகமாகக் கொள்ள வேண்டும் என்று வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பொன் என்ற ஒரே சொல்லின் இரண்டு பொருள்களுக்கு நடுவே விழுந்த கோடாகவே அந்தக் கீறலை நான் பார்க்கிறேன்.

பக்தி இலக்கியத்தில் காசுப் பொன்னின் கதை ஒன்று எல்லாருக்கும் தெரியும். சுந்தரருக்கு முதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், சிவபெருமான் 12,000 பொன் கொடுத்தார். அவர் அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற வழக்கு இதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். குளத்திலிருந்து எடுத்த பொன் தரமானதுதானா என்று பார்த்துச் சொன்ன பிள்ளையாருக்குத் திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் என்று பேர். கடவுளே கொடுத்த பொன்னாக இருந்தாலும் மாற்று உரைத்துத்தான் வாங்க வேண்டும் என்கிற தொழில் ஒழுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாற்று, அதாவது பொன்னின் தூய்மை அளவு, என்பதை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கம் என்ற சொல்லுக்கான வழி இதன் ஊடாகவே போகிறது.

தாத்தாவின் பட்டறையில் குமுட்டி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கல் இருக்கும். உள்ளங்கை அளவு, தொட்டால் வழுவழுப்பு. அதுதான் உரைகல், பழைய பேர் கட்டளைக்கல். "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்று வள்ளுவர் சொல்வது இந்தக் கல்லைத்தான். யாராவது பழைய தோட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், தாத்தா அதைக் கல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். நூல் மாதிரி மஞ்சள் கோடு விழும். பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. பிறகு கல்லை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து இரண்டு கோட்டையும் பார்ப்பார். செம்பு கலந்திருந்தால் கோடு சிவப்புத் தட்டும், வெள்ளி கூடியிருந்தால் வெளிறும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு திராவகம். மட்டமான கோடு கண்ணெதிரே கரையும், நல்ல கோடு அப்படியே நிற்கும். வேலை முடிந்ததும் ஒரு கறுத்த மெழுகு உருண்டையைக் கல்லில் ஒற்றி எடுப்பார். அந்தக் கோட்டுப் பொன்னும் வீணாகக் கூடாது. பல வருடத்துக்குப் பின் அந்த மெழுகை எரித்தால் அதற்குள்ளிருந்து ஒரு பொட்டுத் தங்கம் வரும்.

ஒப்பிட்டுப் பார்க்கிற அந்த ஆணியின் பேரில்தான் "ஆணிப்பொன்" வந்தது. "ஆணித்தரமாகச் சொன்னான்" என்கிற பேச்சுக்கும் இதே ஆணிதான் வேர் என்பார் தாத்தா. சுவரில் அடிக்கிற ஆணியை நினைத்து எழுதுகிறவர்களே இன்று அதிகம்.

நம் பக்கத்து மாற்றுக் கணக்கில் உச்சம் பத்தரை. கலப்பே இல்லாதது பத்தரை மாற்று. இன்றைய கணக்கில் அது 24 கேரட். அப்படியானால் நாம் வாங்குகிற 22 கேரட் நகை பழைய கணக்கில் ஒன்பதரையே அரைக்கால் மாற்று, அதாவது 9.625. நல்ல குணமுள்ள பெண்ணையோ பையனையோ "பத்தரை மாத்துத் தங்கம்" என்று சொல்கிறார்களே, அதற்கு நேரான பொருள் துளிக் கலப்பும் இல்லாதவர் என்பதுதான். அழகையோ பணத்தையோ பற்றிய பேச்சு அதில் இல்லை.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைத்தெருவைச் சுற்றிவருகிற கோவலன் கண்ணுக்குப் பொன் வணிகர் வீதி தெரிகிறது. அங்கே "சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம்" என்று நான்கு வகைப் பொன். கிளிச்சிறை என்றால் கிளியின் சிறகு போல் நிறமுள்ள பொன். வாங்க வருகிறவர்கள் எது எங்கே என்று குழம்பாதபடி வகைக்கு ஒரு கொடி கட்டியிருந்தார்களாம். பொன்னைப் பிரித்தறிகிறவர்களுக்கு இளங்கோ கொடுக்கும் பேர் "பொலந்தெரி மாக்கள்". அதே ஊரில்தான் ஒரு பொற்கொல்லனின் பொய்யால் கோவலன் இறக்கிறான், "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன், யானே கள்வன்" என்று பாண்டியன் விழுகிறான். இந்தக் காப்பியத்தின் நிழல் நகைத்தொழிலாளிகள் மேல் நெடுங்காலம் விழுந்து கிடந்தது. "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்று ஒரு பழமொழியும் உண்டு. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. அராவும்போது பறக்கிற தூளும் உருக்கும்போது போகிற இழப்பும் அறியாதவர்கள் சொன்னது அது. நாள் முழுக்கக் குமுட்டிப் புகையில் உட்கார்ந்து ஊதுகுழலை ஊதி நெஞ்சு காய்ந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பழமொழியை நான் ஒருநாளும் எடுத்தாண்டதில்லை.

இவ்வளவு நூல்களைச் சொன்னேன். குறள், சங்கப்பாடல், சிலம்பு என்று எங்கும் பொன், பொன், பொன். தங்கம் எங்கே? குறளில் தங்கம் என்ற சொல்லே கிடையாது. "சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும்" என்றும் "பொறுத்தாரைப் பொன்போற் பொதிந்து" வைப்பர் என்றும்தான் வள்ளுவர் சொல்கிறார். உலோகப் பேராகத் தங்கம் வழக்கில் பெருகியது பிற்காலத்தில். வரும்போதே அது தூய பொன் என்ற குறிப்போடு வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மலையாளத்தில் இன்றும் அந்த வேறுபாடு பிழையாமல் இருக்கிறது. அங்கே நகைக்குச் சொர்ணம், கலப்பில்லாத பத்தரை மாற்றுக்கு மட்டும் தங்கம். தாத்தாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசுவார். "தங்கம் இத்தனை, சேர்மானம் இத்தனை" என்று கணக்குச் சொன்னால் அதில் தங்கம் என்பது சுத்தமானதை மட்டுமே குறிக்கும்.

இப்போது முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். தூய்மை, கலப்பின்மை, தரம் என்கிற குணம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டது. அதனால் குணத்தைப் பேசும்போது தங்கம் வருகிறது. தங்கமான மனுஷன், தங்கமான பிள்ளை, தங்கமான மனசு. உரைத்துப் பார்த்தாலும் மாற்றுக் குறையாத ஆள் என்பது உள்ளே கிடக்கும் பொருள். பொன்னிலோ அருமை, பெறுமானம், செல்வம் என்பவை முன்னால் நிற்கின்றன. செலவழிந்தால் திரும்பாததற்கும், ஒருவர் கொடுத்து ஒருவர் பெறுவதற்கும் அது வருகிறது. பொன்னான நேரம், பொன்னான வாய்ப்பு. தேர்தல் காலத்தில் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி "உங்கள் பொன்னான வாக்குகளை" என்றுதான் கேட்கும், "தங்கமான வாக்குகளை" என்று கேட்காது. பொன்மனம் என்று ஒரு தொகைச்சொல் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது மேடைச் சொல். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் "தங்கமான மனசு" என்றுதான் சொல்வார்.

குழந்தையைக் கொஞ்சும்போது மட்டும் இரண்டும் சமமாக வரும். "என் தங்கமே" என்றும் கொஞ்சலாம், "என் பொன்னே" என்றும் கொஞ்சலாம். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு." பேர் வைக்கும்போதும் அப்படியே. பொன்னுசாமி, பொன்னம்மாள், பொன்னையா ஒரு பக்கம், தங்கவேல், தங்கம்மாள், தங்கராசு இன்னொரு பக்கம். வடமொழிப் பக்கத்திலிருந்து கனகா, சொர்ணம், ஹேமா எல்லாமே இதே உலோகம். இரணியன் என்ற பேருக்கும் பொன் என்றே பொருள், அதனால்தான் ஆழ்வார்கள் அவனைப் "பொன்பெயரோன்" என்று பாடினார்கள். இடையில் ஒரு எச்சரிக்கை: பேச்சில் பெண் என்பதைப் பொண்ணு என்கிறோமே, அதற்கும் பொன்னுக்கும் தொடர்பில்லை. அது பெண் என்பதன் திரிபு, மூன்றுசுழி ண. "பொன்னு பார்க்கப் போனோம்" என்று எழுதி வருகிற தாளில் நான் வாரம் ஒருமுறையாவது திருத்துகிறேன்.

எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொன் என்பதன் பின்னால் வல்லினம் வந்தால் னகரம் றகரமாகும். பொற்காலம், பொற்குடம், பொற்சிலை, பொற்பாதம். தகரம் வந்தால் அதுவும் சேர்ந்து மாறும். மதுரைக் கோயில் குளம் பொற்றாமரை ஆவது அப்படித்தான். மற்ற எழுத்துகள் வந்தால் மாற்றமில்லை: பொன்விழா, பொன்மொழி, பொன்னாடை. ஊர்ப்பேர்களில் பழைய உச்சரிப்பு அப்படியே தங்கியிருக்கும், பொன்பரப்பியைப் பொற்பரப்பி என்று திருத்தப் போகக் கூடாது.

இந்தப் பட்டியலில் இருப்பவற்றைக் கவனித்தால் ஒன்று தெரியும். விழா, மொழி, காலம், ஆடை என்று உலோகமே இல்லாத இடங்களுக்குப் பொன் போகிறது. 50 ஆண்டு விழாவில் ஒரு குன்றிமணித் தங்கமும் தேவையில்லை, பொன்னாடையில் ஒரு சரிகை இழை இருந்தால் அதிகம். உலோகம் நிஜமாகவே இருக்கிற இடத்தில் தங்கம் வருகிறது: தங்கப் பதக்கம், தங்கக் கட்டி, தங்கக் கடத்தல், தங்கம் விலை. "பொன் விலை உயர்ந்தது" என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை. கோலாருக்குத் தங்கவயல் என்று பேர். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை பார்த்த சுரங்கம் அது. 2001இல் மூடினார்கள். சோறு போட்ட இடத்துக்கு வயல் என்று பேர் அமைந்தது பொருத்தம். சென்னையின் தங்கசாலை மட்டும் ஒரு விதிவிலக்கு போலத் தெரியும். அங்கே நாணயம் அடித்தார்கள், வெள்ளியும் செம்பும் உட்பட. வடமொழியில் டங்கம் என்றால் முத்திரைக் காசு, டங்கசாலை என்றால் காசு அச்சடிக்கும் இடம். அதுதான் தமிழில் தங்கசாலை ஆகியிருக்கிறது.

அளவுச் சொற்களிலும் இதே அடுக்கு இருக்கிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை "ஆடவல்லான் என்னும் கல்லால்" நிறுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். எடைக்கல்லுக்கு நடராசர் பேர். கணக்கு கழஞ்சு, மஞ்சாடி, குன்றி. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இன்றைய எடையில் கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம். கழஞ்சும் மஞ்சாடியும் போய்விட்டன, "குந்துமணித் தங்கம்கூட இல்லை" என்ற பேச்சில் குன்றி மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. அந்த இடத்துக்கு வந்தது பவுன். 1817இல் அடிக்கத் தொடங்கிய ஆங்கிலேயப் பொற்காசு சவரன். அதன் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பவுன் என்றும் சொன்னோம். அந்தக் காசின் எடை 7.988 கிராம், 22 கேரட். நாம் அதை 8 கிராம் ஆக்கிக்கொண்டோம். காசு புழக்கத்திலிருந்து போய் எத்தனையோ காலம் ஆகியும் நம் கல்யாணப் பேச்சுகள் அந்தக் காசின் எடையில்தான் நடக்கின்றன. "பொண்ணுக்கு எத்தனை பவுன் போடுறீங்க" என்ற கேள்வி எத்தனை அப்பாக்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் அந்தச் சொல்லையே கேட்கப் பிடிக்காமல் போகிறது.

கடையில் கேட்கிற "நயன் ஒன் சிக்ஸ்" என்பது 22ஐ 24ஆல் வகுத்தால் வருகிற .916தான், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து, எண் கொண்ட தனி அடையாளமும் இருக்க வேண்டும். "கேடிஎம் நகை" என்பதைத் தூய்மை முத்திரை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றுவைப்பைக் குறித்த சொல். மாற்றைக் குறைக்காமல் ஒட்ட அது உதவியது உண்மை, அந்தப் புகை வேலை செய்கிறவர்களின் நுரையீரலைத் தின்றதும் உண்மை.

பற்றுவைப்பை எங்கள் பட்டறையில் பொடி என்பார்கள். பொன்னோடு வெள்ளியும் செம்பும் சேர்த்து அராவிய தூளை வெண்காரத்தோடு விரிசலில் வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். பொடி உருகி உள்ளே ஓடிவிடும், மேலே பார்த்தால் ஒட்டின இடமே தெரியாது. "பொடி வச்சுப் பேசுறான்" என்கிற வழக்கு இதுதான் என்று தாத்தா சொல்வார். மூதுரையில் ஔவையார் மூவர் சினத்தைச் சொல்கிறாரே, கயவர் சினம் கல் பிளந்தது போல, சான்றோர் சினம் நீரில் அம்பு கிழித்தது போல, நடுவில் இருப்பவர் சினம் "பொற்பிளவு" போல என்று. பொற்பிளவு என்றால் ஒட்ட வைக்கலாம், ஆனால் ஒருவர் அடுப்பு மூட்டி உட்கார்ந்து ஊத வேண்டும். குமுட்டியைப் பார்த்தவருக்கு அந்தப் பாட்டு இன்னும் ஒரு படி கூடுதலாகப் புரியும். "பொன்னின் குடம் உடைந்தால் பொன்னாகும்" என்று அதே நூலில் இன்னொரு பாட்டு. உடைந்த நகையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கிற பெண்களிடம் தாத்தா சொல்லும் ஆறுதலும் அதுதான்: "அழாதே தாயி, உடைஞ்சது நகை, பொன்னு அப்படியேதான் இருக்கு."

இன்னும் சில சொற்களை விரைவாகச் சொல்லிவிடலாம். காவிரிக்குப் பொன்னி என்று பேர். அந்தப் பேரை அரிசிக்கும் வைத்து, பிறகு அதற்கு வெள்ளைப் பொன்னி என்று அடைமொழியும் கொடுத்திருக்கிறோம். சித்திரையில் முதல் உழவு பொன்னேர் பூட்டுதல். கன்னம் வீங்கும் அம்மைக்குப் பொன்னுக்கு வீங்கி என்று பேர். பிள்ளையின் உடம்பு பொன்னுக்கு ஏங்குகிறது என்று நினைத்துக் கழுத்தில் சங்கிலி போட்டுவிடுவார்கள். அது வைரஸ் நோய், சங்கிலியால் குணமாவதில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும். "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்பதில் வருகிற மருந்து ரசவாத மருந்து. செம்பைப் பொன்னாக்கும் குளிகையைத் தேடி அலைந்தவர்கள் நிறைந்த காலத்தின் பழமொழி அது. அந்தப் பின்னணி தெரிந்தால்தான் அதன் கூர்மை தெரியும். மிளகையும் பெட்ரோலையும் "கறுப்புத் தங்கம்" என்று இப்போது எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு. எழுதட்டும், ஆனால் நம் பழைய கரும்பொன் இரும்பு என்பதை மறக்க வேண்டாம்.

ஒரே பொருளுக்கு ஒரே நாளில் இத்தனை பேரும் வருவதைப் பார்க்க வேண்டுமானால் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். போன தையில் என் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாலி செய்யக் காலையில் கடைக்குப் போனோம். அங்கே பலகையில் தங்கம் விலை எழுதியிருந்தார்கள். நாங்கள் அரைப் பவுன் கேட்டோம். கடைக்காரர் 4 கிராம் என்று ரசீது போட்டார். அதை வாங்கிக்கொண்டு நல்ல நேரம் பார்த்து ஆசாரியிடம் வந்தோம். குத்துவிளக்கு ஏற்றி, வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்து, மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். யாழ்ப்பாணத்தார் இந்தச் சடங்குக்குப் பொன்னுருக்கு என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஆசாரி மூசை என்கிற உருக்கும் கிண்ணத்தில் அந்தத் துண்டைப் போட்டுக் கரி பரப்பி ஊதத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மூசைக்குள் அது கலங்கி, திரண்டு, சிவந்த முத்து மாதிரி உருளத் தொடங்கியது. என் அம்மா கைகூப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்: "எல்லாரும் வாங்க, பொன்னு உருகுது பாருங்க."